மந்தையில் வரைந்த ஊர்

தேனி மாவட்டத்துச் சுருளிப்பட்டிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, "உங்க ஊரை வரைங்க" என்றோம். எல்லார் தாளிலும் முதலில் விழுந்தது அருவிதான். சுருளித் தீர்த்தம் ஊருக்குள் இல்லை. தள்ளி, மலையடிவாரத்தில், வனத்துறை எல்லைக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் திதி கொடுக்க வருகிற வெளியூர்க் கூட்டம் இந்த ஊரைத் தாண்டித்தான் போகும். ஆகவே பிள்ளைகளுக்கு ஊர் என்றால் அருவி. அடுத்தபடி திராட்சைப் பந்தல். அதற்கடுத்துப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக். முகம் யாருக்கும் சரியாக வரவில்லை, மீசையை மட்டும் ஒருவரும் விட்டுவைக்கவில்லை. ஊரை ஒட்டி ஓடுகிற முல்லைப் பெரியாறு பாதிப் பேர் தாளில் காணோம்.

இது 2023 மே மாதம், கோடை விடுமுறையில் நடந்தது. நான் கம்பத்துக்காரி, பிழைப்பு மதுரையில். நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரையே காட்டும் முகாம் ஒன்றைச் சனி, ஞாயிறுகளில் நடத்துவதாகப் பேசி முடித்திருந்தோம். ஆசை புதிதாக முளைத்ததில்லை. 2010-இல் மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று அரசு சொன்னபோது அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சூட்டில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது பசுமை நடை. ஒரு ஞாயிறு விடியற்காலையில் மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவதொரு குன்றுக்குக் கூட்டமாகப் போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறை முன்னால் நின்று கல்வெட்டை வாசித்துச் சொல்வார். இறங்கி வந்தால் மரத்தடியில் காலைச் சாப்பாடு. அங்கே பெரியவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, கூட வந்த பிள்ளைகள் பாறையில் சறுக்கிக்கொண்டே சமணத் துறவி அச்சணந்தி பெயரை மனப்பாடமாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர்கள் கல்வெட்டுப் படிக்கப் பழகி, பக்கத்து ஊர்களில் பழம்பொருள் தேடித் திரிந்த செய்திகளும் எங்களைக் கிளப்பிவிட்டிருந்தன. ராமநாதபுரத்தில் நடந்தால் தேனியில் நடக்காதா?

பிள்ளைகள் ஊரை வரைந்த அன்று சாயங்காலம் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தோம். பையன்கள் வரைந்த ஊரும் பெண்பிள்ளைகள் வரைந்த ஊரும் ஒரே ஊராக இல்லை. பையன்கள் தாளில் ஊர்ப் பொதுத்திடலான மந்தை, சாவடி, டீக்கடை, கிரிக்கெட் ஆடும் தரிசு, ஆற்றில் குதிக்கும் இடம். பெண்பிள்ளைகள் தாளில் வீடு, பள்ளிக்கூடம், குழாயடி, ரேஷன் கடை, கோயில், அம்மா கூலிக்குப் போகும் திராட்சைத் தோட்டம். ஒரு பெண்பிள்ளை தாளில்கூட சாவடி இல்லை. எட்டாவது முடித்த ஒருத்தியைக் கூப்பிட்டு, "சாவடி எங்கம்மா?" என்றேன். "அது ஆம்பளைக இருக்கிற எடம் டீச்சர்" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அவள் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாவடிப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் எட்டி நடந்து பழகிய கால்கள் என்னுடையவை. எங்கள் பள்ளத்தாக்கில் மந்தைக்கும் சாவடிக்கும் பெண்களை நிறுத்தி வைக்கும் கணக்கு ஒன்று, சாதியை நிறுத்தி வைக்கும் கணக்கு ஒன்று. இரண்டும் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. எல்லாருக்கும் தெரியும். பொதுவிடம், மரபு என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவர்களுக்கு அந்தத் தாள்கள் போதுமான பாடம்.

மறுநாள் ஊரை மந்தையிலேயே, தரையில் வரைவது என்று முடிவாயிற்று. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினர் கண்ணூர்ப் பக்கம் கல்லியாசேரியில் ஊராரையே வைத்து ஊர் வளங்களுக்கு வரைபடம் போட்ட கதையை எங்களில் ஒருவர் சொல்லியிருந்தார். நாங்கள் எடுத்துக்கொண்டது அதில் எளிய பகுதியை மட்டும். வீட்டுக்கு வீடு கோலப்பொடி, செங்கல் தூள், அடுப்புக் கரி, வேப்பிலை. வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். ஏறிவிட்டால் நிழல் சாவடித் திண்ணையில்தான். ஒரு பெரியவர், "நெழலு வேணும்னா பிள்ளைகள கோயில் மண்டபத்துல ஒக்காரச் சொல்லுங்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, யோசனை மாதிரித்தான் சொன்னார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், பேத்தியைத் தேடி வந்த ஓர் அப்பத்தா திண்ணை ஓரத்தில் முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்துவிட்டார். "முட்டி வலிக்குதுப்பா" என்றார். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை. பெண்பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

தரையில் போட்ட ஊருக்குத் திருத்தம் சொல்ல ஊரே கூடிவிட்டது. "வாய்க்கா அங்கிட்டு இல்லப்பா, இங்கிட்டு." "அந்தப் புளியமரம் போயி இருவது வருசமாச்சு." ஆறு தாளில் வராமல் போனதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை தண்ணீர் மோட்டாரிலிருந்தும் குழாயிலிருந்தும் வருகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த ஒரே ஆற்றை நம்பி இருக்கிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா என்று விவசாயிகள் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரை 1895-இல் கட்டி முடித்த அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. அதைப் பிள்ளைகள் பாடமாகச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் நீ குதிக்கும் இடத்தில் ஓடுகிறது என்பதை ஒருவர் செங்கல் தூளால் கோடிழுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

திராட்சையை மட்டும் நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். கவாத்து வெட்டிய பிறகு எத்தனை நாளில் பூ எடுக்கும், எந்த மருந்து எப்போது அடிப்பார்கள், மழை பெய்தால் பழம் எப்படி வெடிக்கும், கூலி எவ்வளவு, எல்லாம் அத்துபடி. கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த ஆண்டுதான். அந்தச் செய்தியைச் சொன்னேன். "அதுக்கு வெல ஏறுமா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். நல்ல கேள்வி. நான் பேச்சை மாற்றினேன்.

கல்வெட்டைப் படியெடுக்கக் கற்றுத் தருவதாக நோட்டீஸில் போட்டிருந்தோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் நினைத்தபடி கை வைக்கக் கூடாது. ஆகவே மந்தையில் இருந்த கலையரங்கத்தின் திறப்பு விழாக் கல்லைப் பிடித்தோம். கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி உலரும் பக்குவத்தில் துணிப் பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒற்றினால் மை ஊறித் தாள் பாழ். முதல் சில தாள்கள் பாழாகத்தான் போயின. பிறகு ஒருத்தி பொறுமையாகத் தட்டி எடுத்தாள். கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்ததும் கலையரங்கத்தில் ஒரே கூச்சல். யார் தலைமை, யார் திறந்து வைத்தது, எந்த நிதி, மதிப்பீடு எத்தனை லட்சம், என்ன தேதி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயில் கல்வெட்டிலும் இதே வரிசைதான் இருக்கும் என்று விளக்கினோம்: எந்த ராஜாவின் எந்த ஆட்சியாண்டு, யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது. "கட்டுன கொத்தனாரு பேரு எங்க?" என்றான் ஒரு பையன். அவன் அப்பா கொத்தனார்.

அந்தக் கேள்வி முகாம் முழுக்க எங்கள் கூடவே வந்தது. பெரியாறு அணையைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். காய்ச்சலிலும் காலராவிலும் காட்டிலேயே மாண்டவர்கள் பலர். லோயர்கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்துக்கு ஆண்டுதோறும் ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைக்கப் போகிறோம். அவர் அந்த மரியாதைக்கு உரியவர்தான், நம் வீடுகளில் அவர் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூடவே, "உங்க வீட்டுல யாராச்சும் அணை வேலைக்குப் போனாங்களான்னு கேட்டுட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பினோம். சிலர் கதையோடு வந்தார்கள். பெயரோடு வந்தவர் இல்லை.

உத்தமபாளையத்துக்குப் பேருந்தில் கூட்டிப் போனது அடுத்த வாரம். கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பெரும்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் வட்டெழுத்து. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மதுரைப் பக்கம் யானைமலையிலும் கருங்காலக்குடியிலும் காணும் அச்சணந்தி பெயர் இங்கேயும் உண்டு. கம்பத்தில் பிறந்த நான் இந்தப் பாறையை முதன்முதலாகப் பார்த்தது மதுரைக்குப் போய்ச் சமணர் குன்றெல்லாம் சுற்றித் திரிந்த பிறகுதான். எங்கள் பள்ளியிலிருந்து வைகை அணைக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப் போனார்கள்; பக்கத்து ஊர்ப் பாறையை யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். சாமி உடம்பில் துணி இல்லையே. சிரித்து முடியட்டும் என்று விட்டுவிட்டோம். பிறகு தலைக்கு மேல் பாம்புக் குடை உள்ள உருவத்தை ஒருவன் கண்டுபிடித்து, "இது யாரு?" என்று ஆரம்பித்தான். பார்சுவநாதர். வட்டெழுத்தைப் பார்த்து, "ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. அதையும் தமிழ் என்றால் நம்பவில்லை. கோயிலுக்குப் பொங்கல் வைக்க வந்திருந்த அம்மா ஒருவர், தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சாமிகளையும் சேர்த்துத்தான் கும்பிடுவதாகச் சொன்னார். அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் விளக்கத்தை விட அது நல்ல குறிப்பு.

பாறை நிழலில் உட்கார வைத்துப் புலிமான்கோம்பை கதையைச் சொன்னோம். இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில், 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், எழுத்து தமிழ்பிராமி, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை. அதில் ஒரு கல், கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. மாடு கவரும் சண்டையில் செத்திருக்கிறான். "நம்ம கூடலூரா?" என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள இந்தக் கூடலூர்தான் என்று கருதுகிறவர்கள் உண்டு, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றோம். அவர்களுக்கு அது போதவில்லை. ஒருவன், கம்பத்தில் இருக்கும் தம்பிரான் மாட்டுத் தொழுவைச் சொன்னான். நந்தகோபாலன் கோயில் என்பார்கள். அங்கே மாடுதான் சாமி, மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கே திரண்டு வரும். இன்னொருவன் தன் தாத்தா மலைமாடு வைத்திருந்ததைச் சொன்னான். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, மழைக்காலத்தில் மலைக்கு ஓட்டிப் போவாராம். "இப்ப விடமாட்டாங்க டீச்சர்" என்றான். புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேகமலை அதற்கு முந்தைய ஆண்டே ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆகோளிலிருந்து உயர் நீதிமன்றம் வரை அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தோம். வகுப்பறையில் இது நடக்காது. அங்கே பாடம் அத்தியாயத்தோடு முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்தப் பெண், சாவடியை ஆம்பளைக எடம் என்றவள், கேட்டாள்: "பொம்பளைக்குக் கல்லு வைக்க மாட்டாங்களா?"

சுமைதாங்கிக்கல்லைச் சொன்னேன். கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோனவள் நினைவுக்கு வைப்பது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவள், இறக்கவும் ஏற்றவும் ஆள் தேடாமல் சுமையைத் தள்ளி வைத்து இளைப்பாறும் உயரம். மறுநாள் அவள் அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு ஒரு பட்டாளத்தோடு வந்து எங்களை இழுத்துப் போனாள். வாய்க்கால் கரையில் பெண்கள் துணி துவைக்கும் கல், முழங்கையைவிட நீளம், ஒரு பக்கம் சோப்பு படிந்து வழுவழுவென்று இருந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் கல் தச்சனின் உளி பட்ட வரிகள். நட்ட கல் ஒன்று கொஞ்ச தூரத்தில் முள்ளுக்குள் சாய்ந்து நின்றது, இன்னொன்று கிடைக்கவில்லை. பிள்ளைகள் கல்லைத் தேய்த்துக் கழுவி, தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றினார்கள். ஓர் எழுத்து இல்லை. அப்பத்தாவிடம் போய்க் கேட்டோம். "களை எடுக்கப் போனவளாம். எங்க மாமியா சொல்லும். பேரு யாருக்குத் தெரியும்?" என்றார். அந்த வெறும் கறுப்புத் தாளை முகாம் முடிவில் வைக்கவிருந்த கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது பெண்பிள்ளைகள் ஒப்பவில்லை. அடியில் 'சுமைதாங்கி, வாய்க்கால் கரை, பெயர் தெரியவில்லை' என்று எழுதி நடுவில் மாட்டினார்கள்.

கண்காட்சிக்கு நாள் குறித்திருந்த வாரத்தில் யானை வந்துவிட்டது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன், மே 27 காலையில் கம்பம் நகருக்குள் நடந்து போனது. ஆட்டோவை மிதித்தது, யானை தாக்கி அடிபட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். கம்பத்தில் 144 தடையுத்தரவு. அங்கிருந்து விரட்டியதும் அது வந்து நின்றது சுருளிப்பட்டிப் பக்கம். தோட்டத்துக்குப் போவோர் யாரும் இல்லை, அருவி மூடல், தொலைக்காட்சி வண்டிகள், வனத்துறை ஜீப்புகள், கும்கிகள். ஒரு வாரத்துக்கு மேல் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. ஜூன் 5-ஆம் தேதி சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு ஏற்றிப் போனார்கள்.

பள்ளி திறக்குமுன் ஒரு நாள் மட்டும் கிடைத்தது. தரையில் போட்ட ஊர் மழையிலும் ஜீப்பிலும் எப்போதோ அழிந்திருந்தது. பெரிய சார்ட் தாள்களை ஒட்டி மறுபடி வரைந்தார்கள். இந்த முறை யாரும் சொல்லாமலே ஆற்றை முதலில் போட்டார்கள். யானை வந்த வழி சிவப்பில்: எந்தத் தோட்டம், எந்த ஓடை, எங்கே நின்றது, எங்கே வாழையைச் சாய்த்தது. அந்தச் சிவப்புக் கோடு பழைய மாட்டுத் தடத்தை ஒட்டியே போவதாகத் தாத்தாக்காரர் ஒருவர் விரலால் காட்டினார். எனக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை, பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். சாவடியையும் குறித்தார்கள். பெண்பிள்ளைகளில் எல்லாரும் இல்லை, சிலர்.

கண்காட்சியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒரு சின்ன இழுபறி. கலையரங்கத்தில் வைக்கலாம், மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது என்றார்கள். பிள்ளைகள் சாவடி என்றார்கள். சாவடியில்தான் வைத்தோம். ஊர்ப் பெண்கள் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் தூக்குவாளியோடு ஏறி வந்து பார்த்தார்கள். சுமைதாங்கித் தாளின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். இப்படி ஒரு கல் தன் பிறந்த ஊரிலும் இருந்ததாக ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் பிடித்துக்கொண்டார்கள்; கூடலூர், காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று பட்டியல் நீண்டது. எங்கள் முகாமில் விளைந்தவற்றில் உருப்படியானது அந்த நோட்டுதான் என்பேன்.

வெளியாட்கள் இரண்டு வாரம் வந்து போவதால் சாவடி மாறிவிடாது. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் அங்கே உட்காருவதாக நான் கேள்விப்படவில்லை. கல்லும் வாய்க்கால் கரையில்தான் கிடக்கிறது, துணி துவைக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்தமபாளையம் பாறை உங்கள் பள்ளியிலிருந்து பேருந்துத் தூரத்தில் இருக்கிறது. கோலப்பொடிக்கும் சார்ட் தாளுக்கும் பெரிய செலவாகாது. ஊர் வரையும் நாளன்று வகுப்பறையைப் பூட்டிவிட்டுச் சாவடிக்கு வாருங்கள். பெண்பிள்ளைகளை முதலில் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் சுமைதாங்கிக்கல் எதுவும் கிடந்தால், அதன் கதை தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.